நோய் கிணற்றில் இருக்கும்போது: புளோரோசிஸ் நோயும் திருச்சபையின் நலப்பணியும்

முன்னுரை

ஞாயிறு வழிபாட்டில் நோயுற்றோரின் பெயர்களைச் சொல்லி மன்றாடும் வழக்கம் நம் சபைகள் யாவற்றிலும் உண்டு. அப்பெயர்களுள் சில இரண்டொரு வாரங்களில் மறைந்துவிடும்; காய்ச்சல் தணிந்திருக்கும், அல்லது முறிந்த எலும்பு கூடியிருக்கும். வேறு சில பெயர்களோ ஆண்டுக்கணக்கில் பட்டியலைவிட்டு நீங்குவதில்லை. மூட்டு வலி, முதுகு விறைப்பு, நிமிர இயலாமை என்று நாம் அவற்றைச் சொல்லி வருகிறோம். ஒரே ஊரில், ஒரே தெருவில் வாழும் பலர் ஒரே விதமான துன்பத்துக்காக ஆண்டுதோறும் நம் மன்றாட்டில் இடம்பெறும்போது, ஆயர் ஒரு கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறார்: இவர்கள் அனைவரும் ஒரே கிணற்று நீரையா அருந்துகிறார்கள்?

இக்கேள்வி மருத்துவருக்கே உரியது என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. நாட்பட்ட நோய்களுள் பல, நோயாளி மருத்துவமனைப் படியேறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, அவர் அருந்தும் நீரிலும் உண்ணும் உணவிலும் உள்ளிழுக்கும் காற்றிலும் தொடங்கிவிடுகின்றன. இவ்வுண்மையை விளக்க ஒரே ஒரு நோயை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம். அது புளோரோசிஸ். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஊழியம் செய்தோர் இதனை நேரில் அறிவர். இந்நோயை நாம் தெரிந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. முற்றிய நிலையில் இதனை நீக்கவல்ல மருந்து இல்லை. ஆனால் தொடக்கத்திலேயே இதனைத் தடுத்துவிட இயலும். ஆகவே, நலமாக்கும் ஊழியம் எங்கே தொடங்குகிறது என்னும் இறையியல் வினாவை இந்நோய் நம்முன் மிகத் தெளிவாக வைக்கிறது.

1. நோயின் இயல்பு

புளோரைடு என்பது பாறைகளிலும் மண்ணிலும் இயற்கையாகவே காணப்படும் ஓர் உப்புச்சத்து. மிகச் சிறிய அளவில் அது பற்களைச் சொத்தையினின்று காக்கிறது. அளவு மிகும்போது அதே பொருள் பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது. குடிநீரின் வழியாக உடலுக்குள் செல்லும் புளோரைடின் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. எஞ்சியது எலும்பிலும் பல்லிலும் போய்த் தங்குகிறது. வளரும் பிள்ளைகளின் எலும்புகள் பெரியோரின் எலும்புகளைவிட அதிகமாக அதனைப் பற்றிக்கொள்கின்றன. சிறுநீரகம் பழுதுற்றோர் உடலிலும் அது மிகுதியாகத் தேங்குகிறது.

நோயின் முதல் அடையாளம் பற்களில் தோன்றும். எனாமல் உருவாகும் பருவத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுவரை, பிள்ளை மிகுதியான புளோரைடை உட்கொண்டால், பின்னர் முளைக்கும் பல்லில் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகளும், மஞ்சள் அல்லது பழுப்புக் கறைகளும், கடுமையான நிலையில் குழிகளும் காணப்படும். முளைத்து முதிர்ந்த பல்லில் இக்கறை புதிதாக உண்டாவதில்லை. உண்டான கறை துலக்குவதால் போவதுமில்லை. ஆகவே அக்கறை அழுக்கன்று, சோம்பலின் அடையாளமுமன்று. ஒருவர் தம் குழந்தைப் பருவத்தில் எத்தகைய நீரை அருந்தினார் என்பதற்கு அது அவருடைய வாயிலேயே எழுதப்பட்ட பதிவேடு. எனினும் அக்கறையின் பொருட்டுப் பள்ளியில் ஏளனத்துக்குள்ளாகும் பிள்ளைகளையும், வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கும் இளம்பெண்களையும் நாம் காண்கிறோம்.

இரண்டாம் நிலை எலும்புகளைப் பற்றியது. பல ஆண்டுகள் மிகுதியான புளோரைடு உடலிற் சேர்ந்தால், எலும்பு தடித்துக் கனத்தாலும் உறுதியை இழக்கிறது. மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து அவையும் எலும்பாக இறுகுகின்றன. முதலில் கழுத்தும் முதுகும் விறைக்கின்றன. பின்னர் குனியவும் நிமிரவும் சம்மணமிட்டு அமரவும் முடியாமற்போகிறது. முற்றிய நிலையில் முதுகெலும்பு கோல்போல் இறுகிவிடுகிறது, அல்லது வளைந்தபடியே நின்றுவிடுகிறது. முதுகுத் தண்டு நெருக்கப்படுவதால் கைகால்கள் செயலிழப்பதும் உண்டு.

இதற்கு முன்னரே, வயிற்று உபாதை, தசைத் தளர்ச்சி, இனம் தெரியாத மூட்டு வலி போன்ற அறிகுறிகள் தோன்றலாம். இவை வேறு பல நோய்களுக்கும் பொதுவானவையாதலால், பலர் வாதநோய் என்று எண்ணி வலி மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கிவருகின்றனர். மாத்திரையை விழுங்கப் பயன்படும் நீரே நோயின் ஊற்று என்பதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

2. தாய்மார் கண்ட உண்மை

இந்நோயின் காரணம் கண்டறியப்பட்ட வரலாறு நமக்குப் படிப்பினை தருவது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு 1901 ஆம் ஆண்டில் வந்த பல் மருத்துவர் பிரடெரிக் மெக்கே, அங்கு வளர்ந்தோர் பலரின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டு வியந்தார். பல ஆண்டுகள் ஆராய்ந்து, காரணம் நீரில்தான் உள்ளது என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் நீரிலுள்ள எப்பொருள் என்று அவரால் அறிய முடியவில்லை. 1920களில் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்னும் சிற்றூரில், புதிய குழாய் நீர் வந்தபின் தங்கள் பிள்ளைகளின் பற்களில் கறை தோன்றியதைப் பெற்றோர் கவனித்தனர். மெக்கேயின் ஆலோசனைப்படி அவ்வூரார் அக்குழாயைக் கைவிட்டு வேறோர் ஊற்றின் நீரைப் பயன்படுத்தினர். சில ஆண்டுகளில், அவ்வூர்ச் சிறுவருக்குப் புதிதாக முளைத்த பற்கள் கறையின்றி இருந்தன. 1931 ஆம் ஆண்டில்தான் எச். வி. சர்ச்சில் என்னும் வேதியியலார், அந்நீரிலிருந்த பொருள் புளோரைடு என்று கண்டறிந்தார்.

இங்கு நாம் கருத்தில் கொள்ளவேண்டியது ஒன்று. காரணப்பொருளின் பெயர் தெரியுமுன்பே ஓர் ஊர் தன் பிள்ளைகளைக் காத்துக்கொண்டது. தாய்மாரின் கூர்ந்த கவனமும், ஒரு மருத்துவரின் பொறுமையும், ஊராரின் ஒருமித்த முடிவும் அதற்குப் போதுமாயிருந்தன.

நம் நாட்டில் இந்நோய் பற்றிய முதல் விரிவான ஆய்வு அன்றைய சென்னை மாகாணத்திலேயே நடைபெற்றது. நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் எலும்பு இறுகி முடங்கியோரை ஆராய்ந்த ஷார்ட் என்பவரும் அவருடைய துணைவரும் 1937 ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். பின்னர் 1973 ஆம் ஆண்டில், ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், புளோரைடு மிகுந்த பகுதிகளில் வாழும் இளைஞரிடையே முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும் வண்ணம் கால்கள் வளைந்துபோவதை விவரித்தனர். நீரிலுள்ள புளோரைடு மட்டுமன்றி, வறியோர் உண்ணும் சத்துக்குறைந்த உணவும் நோயின் கடுமையைக் கூட்டுகிறது என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. நீர் ஒன்றே; ஆயினும் பால் அருந்தும் வீட்டுப் பிள்ளையும் கூழ் மட்டுமே குடிக்கும் வீட்டுப் பிள்ளையும் அந்நீரால் ஒரேவிதமாகத் தாக்கப்படுவதில்லை.

3. அளவும் நீதியும்

குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இந்தியத் தர நிறுவனம் 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்து 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்துள்ளது.

இவ்வெண்களை நாம் அப்படியே வாசித்துச் செல்லக்கூடாது. குடிநீர் அளவுகளை வகுக்கும்போது, பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் நீர் அருந்துவதாகக் கொள்வது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழக்கம். சித்திரை வெயிலில் களையெடுக்கும் பெண்ணும் கல்லுடைக்கும் தொழிலாளியும் 2 லிட்டரோடு நிறுத்துவரோ? லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளோரைடுள்ள நீரில் 5 லிட்டர் அருந்துபவர், நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் உட்கொள்கிறார். நாளொன்றுக்கு 14 மில்லிகிராம் அளவிலேயே எலும்புக்குக் கேடு உறுதியென்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2002 ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. நிழலில் அமர்ந்திருப்பவரைவிட வெயிலில் உழைப்பவரே அதிக நஞ்சைப் பருகுகிறார். ஆகவே இந்நோய் வெறும் வேதியியல் சிக்கலன்று. உழைப்பும் வறுமையும் கலந்த நீதிச் சிக்கலுமாகும்.

நீரில் புளோரைடு மிகுவது எவ்வாறு? கருங்கல்லும் அதனைச் சார்ந்த கடினப் பாறைகளும் நிறைந்த வறண்ட நிலங்களில், நிலத்தடி நீர் நெடுங்காலம் பாறையோடு உறவாடி அதிலுள்ள கனிமங்களைக் கரைக்கிறது. நீரில் சுண்ணாம்புச்சத்து குறைந்தும் காரத்தன்மை மிகுந்தும் இருந்தால் புளோரைடு மேலும் சேர்கிறது. மழைநீர் ஊறும் ஆழமற்ற கிணறுகளைவிட, பாறையைத் துளைத்துச் செல்லும் ஆழ்துளைக் கிணறுகளில் பல இடங்களில் இது மிகுந்து காணப்படுகிறது.

இவ்விடத்தில் நாம் ஓர் உண்மையை மனத்தாழ்மையோடு ஏற்கவேண்டும். வறட்சிக் காலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டுவது அருஞ்செயலாகக் கருதப்பட்டது, இன்றும் கருதப்படுகிறது. அரசும் பன்னாட்டு நிறுவனங்களும் மட்டுமன்றி, திருச்சபைகளும் கிறிஸ்தவத் தொண்டு அமைப்புகளும் அப்பணியில் முன்நின்றன. நம் சிற்றூர்களில் பரவிய இந்தியா மார்க் 2 கைப்பம்புக்கு முன்னோடியானவற்றுள் திருச்சபைப் பணித்தளங்களைச் சார்ந்தோர் வடிவமைத்த பம்புகளும் உண்டு. அப்பம்புகள் காலராவினின்றும் வயிற்றுப்போக்கினின்றும் எண்ணற்ற குழந்தைகளைக் காத்தன; அதனை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அன்று நீரில் கிருமியைத் தேடியோர் பல இடங்களில் கனிமத்தைத் தேடவில்லை. தெளிந்து குளிர்ந்து சுவையாயிருந்த நீர் நல்ல நீரென்றே நம்பப்பட்டது. அன்பினால் தோண்டப்பட்ட கிணறும் சோதிக்கப்படவேண்டும் என்பதே இதனால் நாம் கற்கும் பாடம். ஆலயத்தின் பெயர் பொறித்த கல் கிணற்றடியில் இருப்பதனால் நீர் தூய்மையாகிவிடுவதில்லை.

4. ஒருங்கிணைந்த அணுகுமுறை

ஒரே மருந்தினால் தீராத நோயைப் பல முனைகளில் ஒருசேர அணுகவேண்டும். புளோரோசிஸ் நோயைப் பொறுத்தவரை அம்முனைகள் நான்கு.

முதலாவது, நீர். தீமையற்ற நீரை அளிப்பதே தலையாய தடுப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013 ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்டது. புளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது அதன் பெயரிலேயே குறிக்கப்பட்ட நோக்கம். ஆற்று நீர் எட்டாத இடங்களில் மழைநீரைச் சேமிக்கலாம். மழைநீரில் புளோரைடு மிக மிகக் குறைவு. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில், சுண்ணாம்பும் படிகாரமும் உரிய அளவில் சேர்த்துக் கலக்கித் தெளியவைத்துப் புளோரைடைக் குறைக்கின்றனர். அலுமினா வடிப்பான்களும் ஆர்.ஓ. கருவிகளும் வழக்கில் உள்ளன. இவை ஒவ்வொன்றுக்கும் இடைவிடாப் பராமரிப்பும் மீண்டும் மீண்டும் சோதனையும் தேவை. கவனிப்பாரற்ற வடிப்பான் பொய்யான நம்பிக்கையையே தருகிறது. ஒன்றை வற்புறுத்திச் சொல்லவேண்டும்: காய்ச்சுவதால் புளோரைடு நீங்குவதில்லை; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்கிறது. அரிசியும் பருப்பும் நீரை உறிஞ்சுவதால், குடிக்கும் நீரை மட்டும் மாற்றினாற் போதாது. சமைக்கும் நீரையும் மாற்றவேண்டும். குளிக்கவும் துவைக்கவும் பழைய நீரையே பயன்படுத்தலாம்.

இரண்டாவது, உணவு. சுண்ணாம்புச்சத்து குடலில் புளோரைடோடு சேர்ந்து, அது உடலில் ஏறுவதைக் குறைக்கிறது, எலும்புக்கும் வலுவூட்டுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வழிவழியாக விளைந்துவரும் கேழ்வரகின் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உள்ளது. முருங்கைக்கீரை, பால், மோர், எள் ஆகியவையும் சிறந்தவை. நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றின் வைட்டமின் சி உடலுக்கு உறுதுணை. நம் அன்றாடச் சமையலில் சேரும் புளி, சிறுநீரின் வழியாகப் புளோரைடு வெளியேறுவதை மிகுவிக்கிறது என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் சிறுவரிடையே நடத்திய ஓர் ஆய்வை 2002 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிறிய ஆய்வே ஆயினும் கருதத்தக்கது. மறுபுறம், பால் கலவாத கடுந்தேநீரையும் கறுப்பு உப்பையும் குறைப்பது நன்று. அவற்றில் புளோரைடு உண்டு. சிறுவர் பற்பசையை விழுங்காதவாறு பார்த்துக்கொள்ளவேண்டும்.

உணவு மாற்றத்தின் பயன் எலும்போடு நிற்பதில்லை. தில்லியில் பேராசிரியர் ஏ. கே. சுசீலாவும் குழுவினரும் கருவுற்ற பெண்களிடையே செய்த ஆய்வு 2010 ஆம் ஆண்டில் வெளிவந்தது. புளோரைடை விலக்கி, சத்துணவையும் சேர்த்த தாய்மாரிடம் இரத்தச்சோகை குறைந்தது. அவர்கள் ஈன்ற குழந்தைகளின் எடையும் மேம்பட்டது. புளோரைடு குடலின் உட்சுவரைக் கெடுப்பதால் உண்ட சத்து உடலிற் சேராமற்போகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

மூன்றாவது, முன்னரே அறிதல். பள்ளிச் சிறுவரின் பற்களைப் பார்த்தாலே ஊரின் நீர் எத்தகையது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். நீரிலும் சிறுநீரிலும் புளோரைடின் அளவைச் சோதித்து அதனை உறுதிசெய்யலாம். தொடக்கநிலை வலியும் தளர்ச்சியும் நீரையும் உணவையும் மாற்றியபின் தணிவதுண்டு. இதன்பொருட்டே நடுவண் அரசு புளோரோசிஸ் தடுப்புக்கான தேசியத் திட்டத்தை 2008-09 ஆம் ஆண்டில் தொடங்கியது.

நான்காவது, ஆதரவு. எலும்பு இறுகிவிட்டவரை நாம் கைவிடலாகாது. உடற்பயிற்சி மருத்துவம், தேவைப்படின் அறுவை, ஊன்றுகோல், உட்கார்ந்து செய்யத்தக்க தொழில், மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவி, இவற்றோடு மனிதரின் தோழமை ஆகிய அனைத்தும் நோய்நீக்கத்தின் பகுதிகளே.

சித்த மருத்துவமோ ஆயுர்வேதமோ இயற்கை மருத்துவமோ இதற்கு உதவுமா என்று சபையார் வினவுவர். உணவைத் திருத்தி உடலைத் தேற்றும் எம்முறையும் வரவேற்கத்தக்கதே. ஆனால் எலும்பில் இறுகிய புளோரைடு முழுவதையும் கரைத்து நீக்குவதாக எவரேனும் வாக்களித்தால் அதனை நம்பவேண்டா. எம்மருத்துவத்துக்கும் ஓர் எளிய உரைகல் உண்டு: நோயாளி எந்நீரை அருந்துகிறார் என்று அது கேட்கிறதா? கேளாமலே மருந்து தருமாயின், அது ஆங்கில மருத்துவமாயினும் நாட்டு மருத்துவமாயினும் குறைவுள்ளதே.

5. திருமறையின் ஒளியில்

நீண்டகாலத் துன்பத்தைக் காணும்போது அதற்குக் காரணமான பாவத்தைத் தேடுவது மனித இயல்பு. பிறவிக் குருடனைக் கண்ட சீடரும் அவ்வாறே வினவினர் (யோவான் 9). ஆண்டவர் அக்கேள்வியின் திசையையே மாற்றிவிட்டார். எனினும் அக்கேள்வி நம் சபைகளில் இன்னும் சாகவில்லை. முதுகு வளைந்தவரிடம் விசுவாசக் குறைவையும் மறைந்த பாவத்தையும் தேடுகிறவர்கள் உள்ளனர். கிணற்றில் இருக்கும் குற்றத்தை நோயாளியின் உள்ளத்தில் தேடுவது, அவர்மீது இரண்டாம் சுமையை ஏற்றுவதாகும்.

எரிகோ நகரத்தாரின் வரலாறு (2 இராஜாக்கள் 2:19-22) இவ்வகையில் ஆழ்ந்து கற்கத்தக்கது. தங்கள் நகர் நல்ல இடத்தில் அமைந்திருந்தும் நீர் கெட்டிருப்பதை அவர்களே எலிசாவிடம் எடுத்துரைக்கின்றனர். தீர்க்கர் நோயாளிகளை வரிசையாக அழைத்து வரச் சொல்லவில்லை, நீரூற்றண்டைக்குப் போகிறார். அங்கு நீரைக் குறித்துப் பயன்படும் எபிரெய வினைச்சொல், மனிதரின் நோயைக் குணமாக்குவதற்குப் பயன்படும் அதே ‘ரஃபா’ என்னும் சொல்லே. கடவுள் தம்மைக் குணமாக்குகிறவராக இஸ்ரவேலுக்கு அறிவிப்பதும் மாராவின் கசந்த நீரண்டையிலேயே என்பதை (யாத்திராகமம் 15:22-26) இதனோடு சேர்த்து எண்ணவேண்டும். நீரைக் குணமாக்குவதும் மனிதரைக் குணமாக்குவதும் திருமறையில் ஒரே சொல்லால் வழங்கப்படும் ஒரே அருட்செயல். எலிசா இட்ட உப்பைப் புளோரைடு நீக்கும் முறையாகக் கொள்ளுதல் பேதைமை. உப்பு அதனை நீக்காது. நாம் கற்கவேண்டியது அவர் நின்ற இடத்தை. அவர் ஊற்றண்டையில் நின்றார்.

பதினெட்டு ஆண்டுகள் கூனியாய் நிமிர முடியாதிருந்த பெண்ணின் நிகழ்ச்சியும் (லூக்கா 13:10-17) நம் உள்ளத்தைத் தொடுகிறது. அவளது நோய்க்கு இன்றைய பெயரொன்றைச் சூட்டுவது நம் நோக்கமன்று. திருமறை அதற்கு இடமளிக்கவுமில்லை. ஆனால் அந்தச் ஜெபஆலயத் தலைவனைப் பாருங்கள். பதினெட்டு ஆண்டுத் துன்பம் அவனைக் கலங்கச் செய்யவில்லை. ஓய்வுநாளில் அவள் நிமிர்ந்ததே அவனைக் கலங்கச் செய்தது. ஆண்டவர் அவனுக்கு விடையளிக்கையில் தொழுவத்தினின்று அவிழ்த்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகப்படும் எருதையும் கழுதையையும் நினைவூட்டுகிறார். கால்நடைக்கு நல்ல தண்ணீர் காட்ட அறிந்தவர்கள், ஆபிரகாமின் மகளுடைய கட்டை அவிழ்க்க ஏன் தயங்கவேண்டும்? ஆண்டுதோறும் நம் ஆலயத்தின் பின்வரிசையில் வளைந்த முதுகோடு அமர்ந்திருப்பவர்களைக் கண்டும் காணாதிருந்த நமக்கும் இக்கேள்வி உரியது.

அதே வேளையில், எல்லாரும் நிமிர்ந்துவிடுவதில்லை. பவுலின் மாம்சத்தில் இருந்த முள் நீக்கப்படவில்லை (2 கொரிந்தியர் 12). நோய் நீங்குதல் வேறு. நலம் பெறுதல் வேறு. நோய் நீங்காதவரும் மதிப்போடும் தோழமையோடும் பயனுள்ளவராய் வாழக் கூடுமாயின், அவர் நலம் பெற்றவரே. நோயை வருமுன் தடுத்தலும், வந்த நோயோடு வாழ்வாரைத் தாங்குதலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஒன்றைமட்டும் செய்யும் சபை தன் ஊழியத்தில் பாதியையே செய்கிறது.

6. திருச்சபையின் சிந்தனை வளர்ச்சி

இக்கருத்து புதியதன்று. 1964 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் கூடிய கலந்தாய்வு, நலமாக்குதல் மருத்துவரிடம் மட்டும் ஒப்படைக்கப்பட்ட தொழிலன்று, சபை முழுவதற்கும் உரிய ஊழியம் என்று வற்புறுத்தியது. அதன் விளைவாக 1968 ஆம் ஆண்டில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் கிறிஸ்தவ மருத்துவக் குழு உருவாயிற்று. திருச்சபைகளின் மருத்துவப் பணி பெரும்பாலும் மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கிவிட்டது என்பதை அக்குழு வெளிப்படையாக எடுத்துரைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ராஜ் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் 1970 ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடு பகுதியில் தொடங்கிய பணி, எழுத்தறியாச் சிற்றூர்ப் பெண்களே நலப்பணியாளராக முடியும் என்று காட்டியது. வேலூர்க் கல்லூரியும் 1977 ஆம் ஆண்டில் கே. வி. குப்பம் வட்டாரத்தில் நலவாழ்வையும் சமூக மேம்பாட்டையும் இணைக்கும் ஊரகப் பிரிவைத் தொடங்கியது. 1978 ஆம் ஆண்டின் அல்மா-அட்டா அறிக்கை, தூய குடிநீரை அடிப்படை நலப்பணியின் இன்றியமையாக் கூறுகளுள் ஒன்றாக வைத்தது.

இத்துணைச் சிந்தனை இருந்தும், நம் சபைகளின் நடைமுறை பெரிதும் மாறவில்லை. மருத்துவமனைக்குக் கட்டிடம் கட்டக் காணிக்கை கேட்டால் மக்கள் மனமுவந்து ஈகின்றனர்; கிணற்று நீரைச் சோதிக்கக் கேட்டால் வியப்போடு பார்க்கின்றனர். தடுக்கப்பட்ட நோய் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. வராத நோய்க்கு நன்றியறிவிப்புக் காணிக்கையும் வருவதில்லை. பலனைக் கண்ணாற் காணாமலே செய்யவேண்டிய பணியாதலால், இது விசுவாசத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

7. சபை செய்யத்தக்கவை

ஒன்று: கடினப் பாறைப் பகுதிகளிலுள்ள சேகரக் கமிட்டிகள், ஆலய வளாகம், பள்ளி, விடுதி, ஆயர் இல்லம் ஆகிய எல்லா இடங்களிலும் உள்ள கிணறுகளைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கொடுப்போர், சோதனைக்குப் பின்னரே அதனை அர்ப்பணிக்கவேண்டும். கேடான நீர் வரும் பம்புக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, குடிக்கவும் சமைக்கவும் கூடாது என்று எழுதிவைப்பது நலம்.

இரண்டு: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பற்களை ஆசிரியர்கள் அன்போடு கவனிக்கலாம். பிள்ளைகள் நாணும்படி இதனைச் செய்யலாகாது. கறை உன் குற்றமன்று என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வதே நலமாக்கும் ஊழியத்தின் தொடக்கம்.

மூன்று: ஆலயக் கூரை பெரியது. 200 சதுர மீட்டர் கூரையின்மீது 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர் நீர் விழுகிறது. 30,000 லிட்டர் கொள்ளும் மூடிய தொட்டி ஒன்று இருந்தால், குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் வீதம் 12 குடும்பங்களுக்கு 4 மாதங்களுக்கு நீர் கிடைக்கும். கூரையைத் தூய்மையாக வைத்து, முதல் மழை நீரை வெளியேற்றி, குடிக்குமுன் காய்ச்சிக்கொண்டால் போதும். மழைநீரைக் காய்ச்சுவது கிருமியை நீக்கவே; அதில் புளோரைடு பற்றிய கவலை இல்லை.

நான்கு: பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கேழ்வரகு, முருங்கை, நெல்லி ஆகியவற்றின் பயனை வீடுதோறும் எடுத்துரைக்கலாம். அறுப்பின் பண்டிகையில் முருங்கைக் கன்றுகளை வழங்கும் சபை நல்லதொரு வழக்கத்தைத் தொடங்கியதாகும்.

ஐந்து: நல்ல நீர் வரும் குழாய் ஊரின் எந்தத் தெருவில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். திட்டத்தின் நீர் ஊர்த்தெருவோடு நின்று, தலித் மக்களின் குடியிருப்பு பழைய கைப்பம்பையே நம்பியிருக்குமாயின், அங்கு நோயைத் தருவது பாறை மட்டுமன்று. கிராம சபைக் கூட்டத்தில் ஆயரும் சபையாரும் எழுந்து பேசவேண்டிய இடம் அது.

முடிவுரை

மன்றாட்டையும் நீர்ச்சோதனையையும் எதிரெதிராக நிறுத்துவது நம் நோக்கமன்று. மன்றாடுகிறவரே ஊற்றண்டைக்குப் போகவேண்டும் என்பதே நாம் சொல்ல விழைவது. வளைந்துவிட்ட முதுகை நாம் நிமிர்த்த இயலாமற்போகலாம். அப்போதும் அவர் அருகில் அமர்ந்திருப்போம். ஆனால் அவருடைய பேரப்பிள்ளைக்கு இப்போதுதான் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. அப்பிள்ளைக்கு எட்டு வயது நிறையும்வரை நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் காலம் மிகச் சிறிது. அடுத்த ஞாயிறு நோயுற்றோரின் பட்டியலை வாசிக்குமுன், அப்பெயர்களுக்கு நேரே அவர்கள் நீர் எடுக்கும் கிணற்றின் பெயரையும் ஆயர் எழுதிப் பார்ப்பாராக. ஒரே கிணறு மீண்டும் மீண்டும் வருமாயின், சபையின் நலப்பணி எங்கே தொடங்கவேண்டும் என்பது அப்பட்டியலிலேயே தெரியும்.